உல்லாசக் கப்பலிலே கூட்டமும் அறையும்

பொருள் தேடுவதற்காகக் கடலோடிய காலம் ஒன்று இருந்தது. தேடிய பொருளைச் செலவிடுவதற்காகக் கடலோடும் காலம் இது. முன்னாளிலே கப்பல் என்பது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதற்கான ஊர்தி. இந்நாளிலோ கப்பலே சென்றடையும் இடமாகிவிட்டது. புளோரிடாவிலுள்ள மயாமித் துறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் புறப்பட்டு, கரிபியன் கடலிலே மூன்று நான்கு துறைகளைச் சுற்றி, அடுத்த சனிக்கிழமை காலை புறப்பட்ட துறைக்கே வந்து சேரும் கப்பலில் ஏறுவோர் எங்கேனும் போவதற்காக ஏறுவதில்லை. ஏழு நாள் அதில் இருப்பதற்காகவே ஏறுகின்றனர்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடியேறி வாழும் நம்மவருள்ளும் இவ்வழக்கம் புகுந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த தாய் தந்தையரையும், பள்ளி செல்லும் பிள்ளைகளையும் உடன்கொண்டு மூன்று தலைமுறையாகக் கப்பலேறும் குடும்பங்கள் உள. நமது கரையும் இதற்குப் புறம்பானதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து வந்த ‘எம்பிரஸ்’ என்னும் உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கு வந்து சென்றதைப் பலர் நினைவு கூர்வர். ஆகவே, இத்தகைய பயணத்துக்கு ஆயத்தஞ் செய்வோர் மனத்தில் எழும் இரண்டு கேள்விகளை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். கப்பலிலே கூட்டம் எப்படியிருக்கும்? நமக்குக் கிடைக்கும் அறை எப்படியிருக்கும்? விளம்பரப் படங்கள் இவ்விரண்டுக்கும் நேரான விடை தருவதில்லை. அப்படங்களிலே நீச்சல் தடாகத்தின் அருகே இருவர் மாத்திரமே சாய்ந்திருப்பர். அறையோ அரண்மனை மண்டபம்போல அகன்று தோன்றும்.

அறையைப் பற்றிய கவலை இன்று நேற்றுத் தோன்றியதன்று. இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே ஓடிய பெருங் கப்பல்கள் கொழும்புத் துறைமுகத்தில் தரித்துச் சென்ற நாட்களில், மேற்படிப்பின்பொருட்டு லண்டனுக்குச் சென்ற நம் முன்னவர் அவற்றிலேதான் ஏறினர். மலிவான வகுப்பிலே நால்வர் அல்லது அறுவர், முன்பின் அறியாதவர்கள், ஓரறையில் அடுக்குக் கட்டில்களிற் படுத்துச் சென்றனர். ஆடவர்க்கு ஓரறை, பெண்டிர்க்கு ஓரறை எனப் பிரிக்கப்பட்டமையால் கணவனும் மனைவியும் வேறு வேறாகத் தங்க நேர்ந்ததும் உண்டு. குளிரூட்டும் வசதி பரவாத அக்காலத்தில், செங்கடலைக் கடக்கும்போது வெயில் விழும் பக்கத்து அறை உலைபோலக் காயும்.

உயர்ந்தோர்க்குரியது என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் ‘பொஷ்’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு கதை உண்டு. ‘போகும்போது இடப்பக்கம், வரும்போது வலப்பக்கம்’ என்று பொருள்படும் நான்கு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளே அச்சொல்லாயின என்பதும், கீழைத் தேயங்களுக்குச் சென்ற கப்பல்களில் நிழற்பக்கத்து அறை பெற்ற செல்வரின் சீட்டுகளில் அவ்வெழுத்துகள் பொறிக்கப்பட்டன என்பதும் கதை. அவ்வாறு பொறித்த சீட்டு ஒன்றேனும் இதுகாறும் கண்டெடுக்கப்படவில்லை. சொல்லாராய்ச்சியாளர் இதனைக் கட்டுக்கதையென்றே தள்ளுவர். ஆயினும் அக்கதை இத்தனை காலம் நின்று நிலைத்தமைக்குக் காரணம் உண்டு. அறை எப்பக்கத்தில் அமைந்தது என்பது பயணத்தின் சுகத்தையே மாற்றவல்லது என்பதைக் கடலோடியவர் யாவரும் அறிந்திருந்தனர்.

1958ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மேலாக ஜெட் விமானங்கள் பறக்கத் தொடங்கியதும் பிரயாணக் கப்பல்களின் காலம் மங்கலாயிற்று. சில மணி நேரத்திற் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு எவர்தாம் பல நாள் கடலில் மிதப்பர்? அதன்பின்னர் 1960களின் பிற்பகுதியிலிருந்து மயாமியை மையமாகக் கொண்டு எழுந்த கம்பனிகள், கப்பலையே விடுதியாக்கி விற்கலாயின. இன்று நாம் பேசும் உல்லாசக் கப்பற் பயணம் அவ்வாறு வளர்ந்ததே.

கப்பலின் அளவும் தலைக்குரிய இடமும்

2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதற் பயணம் புறப்பட்ட ‘ஐக்கன் ஒவ் த சீஸ்’ என்னும் கப்பலை எடுத்துக்கொள்வோம். அது பின்லாந்து நாட்டிலே கட்டப்பட்டது. நீளம் ஏறக்குறைய 365 மீற்றர், தட்டுகள் 20, பிரயாணிகளுக்கான அறைகள் 2,805. அறைக்கு இருவர் வீதம் கணக்கிட்டால் 5,610 பிரயாணிகள். ஆனால், உச்ச அளவாக 7,600 பேர் வரை அதில் ஏறலாம். சிப்பந்திகள் ஏறத்தாழ 2,350 பேர். எல்லாருமாகச் சேர்ந்தால் பத்தாயிரத்துக்கு ஐம்பது பேர்தான் குறைவு. ஒரு சிறு பட்டினமே நீரில் மிதக்கின்றது எனலாம்.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. கப்பலின் கொள்ளளவு இவ்வளவென்று கம்பனிகள் கூறும்போது, அறைக்கு இருவர் என்ற கணக்கையே கூறுவர். பல அறைகளில் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ மடக்கி இறக்கும் மூன்றாம், நான்காம் படுக்கைகளும், கட்டிலாக மாறும் சோபாக்களும் உள. பாடசாலை விடுமுறைக் காலத்திலே பிள்ளைகள் அவற்றை நிரப்புவர். அப்போது கப்பல் நூற்றுக்கு நூறையும் தாண்டி நிறைந்துவிடும். ஆகவே, ஒரே கப்பல் ஜனவரி நடுப்பகுதியிலும் நத்தார் விடுமுறையிலும் ஒரே கப்பலாகத் தோன்றாது.

அப்படியாயின் பெரிய கப்பலிலே நெரிசல் அதிகமோ? அவ்வாறு துணிந்து கூறுதல் கூடாது. கப்பலின் பருமனைக் குறிக்கும் ‘மொத்தத் தொன்’ என்பது நிறையன்று. அக்கப்பலின் உள்ளே அடங்கிய வெளியின் கனவளவைக் கொண்டு கணிக்கப்படும் எண் அது. அந்த எண்ணைப் பிரயாணிகளின் தொகையாற் பிரித்தால், தலைக்கு எவ்வளவு இடம் என்பது ஒருவாறு புலப்படும். ‘ஐக்கன்’ கப்பலின் மொத்தத் தொன் 248,663. அதை 5,610 ஆற் பிரிக்க 44 வரும். 7,600 பேர் ஏறினாலோ 33 ஆகக் குறையும். லண்டனில் வாழ்வோர் நன்கறிந்த ‘குயின் மேரி 2’ என்ற கப்பலுக்கு இக்கணக்கு ஏறக்குறைய 55. நம் கரைக்கு வந்த ‘எம்பிரஸ்’ 1990ஆம் ஆண்டிலே வேறொரு பெயருடன் கடலிறங்கிய கப்பல். அதன் மொத்தத் தொன் ஏறத்தாழ 48,500. அறைக்கு இருவர் வீதம் ஏறத்தாழ 1,600 பேர். பிரித்துப் பார்த்தால் 30 அளவிலேதான் நிற்கின்றது. இதனால், சிறிய கப்பல் என்றதனால் மாத்திரம் இடம் தாராளமாயிருக்கும் என்று எண்ணுதல் பிழை என்பது தெளிவு. சீட்டு வாங்குமுன் இரண்டு எண்களையும் கேட்டறிந்து ஒரு பிரித்தற் கணக்குச் செய்துகொள்வதற்கு ஒரு நிமிடம் போதும்.

மணியடித்தாற் கூட்டம்

எனினும், எண் முழுவதையும் சொல்லிவிடுவதில்லை. ஆயிரத்தைந்நூறு மாணவர் பயிலும் ஒரு கல்லூரியை நினைத்துப் பாருங்கள். பாடம் நடக்கும்போது விறாந்தையிலே ஒருவரையும் காணமுடியாது. இடைவேளை மணி அடித்ததுதான் தாமதம், தண்ணீர்க் குழாயருகே காலெடுத்து வைக்க இடமிராது. மாணவர் தொகை கூடவுமில்லை, குறையவுமில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்தனர், அவ்வளவே. கப்பலிலும் கூட்டம் என்பது இவ்வாறு மணியைப் பொறுத்தது. மணிகள் எப்போது அடிக்கும் என்று அறிந்தவர் நெரிசலிற் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

முதல் மணி, ஏறும் நாளன்று நண்பகலில் அடிக்கும். அறைகள் துப்புரவு செய்யப்பட்டு ஆயத்தமாவதற்குப் பிற்பகல் ஒன்றரை மணியாகலாம். அதுவரையில் கைப்பைகளைச் சுமந்துகொண்டு அனைவரும் தாமே எடுத்துண்ணும் உணவுச்சாலைக்குச் செல்வர். அந்த இரண்டு மணி நேரம் அங்கே தேர்த்திருவிழா எனலாம். அவ்வேளையில் இருந்து உண்ணும் போசனசாலையொன்றும் பெரும்பாலும் திறந்திருக்கும். பலர் அதனை அறியார். சிப்பந்தி ஒருவரைக் கேட்டால் வழிகாட்டுவார்.

இரண்டாவது மணி, துறை எதுவும் தொடாத கடல்நாளின் முற்பகலிலே அடிக்கும். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் நீச்சல் தடாகத்தைச் சூழ்ந்த சாய்கதிரைகள் யாவும் நிறைந்திருக்கும். விடியற்காலையிலேயே துவாயை விரித்து இடம் பிடித்துவிட்டுக் காலையுணவுக்குப் போய்விடுவோர் எந்நாட்டுக் கப்பலிலும் உள்ளனர். அரை மணி நேரத்துக்கு மேல் ஆளில்லாத கதிரையிலுள்ள பொருள்களைச் சிப்பந்திகள் அகற்றுவர் என்ற விதியைப் பல கப்பல்கள் வகுத்துள்ளன. விதி உண்டு என்பதே அத்தகையோர் மிகுதி என்பதற்குச் சான்று. மூன்றாவது மணி, இரவு நாடகம் முடிந்து அரங்கின் கதவுகள் திறக்கும்போது. லிப்ட் முன்னால் நிற்கும் வரிசையைக் கண்டு மலைக்காமல், கால் வலுவுள்ளோர் படிகளால் இறங்கிவிடுதல் நன்று. நான்காவது மணி, இறுதி நாட் காலை. அறையை எட்டு அல்லது ஒன்பது மணிக்குள் ஒழித்துக் கொடுத்துவிடவேண்டும். ஆகவே எல்லாரும் பெட்டிகளுடன் விறாந்தைகளிலும் மண்டபங்களிலும் நிற்பர். பெட்டிகளை முதல்நாள் இரவே அறை வாயிலில் வைத்து ஒப்படைத்தவர்க்குத் தொல்லை குறைவு.

இதற்கு மாறாக, கப்பல் ஒழிந்து கிடக்கும் வேளைகளும் உள. துறைமுகத்தை அடைந்த நாளில் பெரும்பாலோர் இறங்கிச் சென்றபின், தடாகமும் நூலகமும் தேநீர்ச்சாலையும் அமைதியாயிருக்கும். முன்னரே பார்த்த ஊராயின் இறங்காது கப்பலிலே தங்குதல் அறிவுடைமை. விடியற்காலை ஆறு மணிக்கு மேற்றட்டிலே ஒரு சிலரையே காணலாம். கடலின்மீது கதிரவன் எழுவதைக் கண்டு கைகூப்புவதற்கு அதனினும் உகந்த இடமும் நேரமும் வேறில்லை.

துறைமுகத்தில் இறங்குவோர் கூட்டத்தை விட்டுவிட்டோம் என்று மகிழ்வதும் பொருந்தாது. பஹாமாஸ் நாட்டின் நாசோத் துறையில் ஒரே நாளில் ஐந்தாறு கப்பல்கள் நிற்பதுண்டு. அலாஸ்காவின் தலைநகராகிய ஜூனோவில் வாழ்வோர் ஏறத்தாழ 32,000 பேர். கோடைகாலத்திலே கப்பல்கள் கொண்டுவந்து இறக்கும் மக்களால் அந்நகர் திணறலாயிற்று. ஆகவே நகர மன்றமும் கம்பனிகளும் உடன்பாடு செய்து, 2024இல் நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்கள் என்றும், 2026 முதல் நாளொன்றுக்கு 16,000 படுக்கைகள், சனிக்கிழமைகளில் 12,000 படுக்கைகள் என்றும் வரம்பு விதித்தனர். வெனிஸ் நகரின் நடுக்கால்வாயிலே 25,000 தொன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் செல்வதை இத்தாலிய அரசு 2021 ஆகஸ்டிலிருந்து தடுத்துவிட்டது. கூட்டம் கப்பலிலுள்ளோருக்கு மாத்திரமன்றி, கரையிலுள்ளோருக்கும் தொல்லை என்பதை இவை உணர்த்தும். தாம் செல்லும் நாளில் அத்துறைக்கு வரவிருக்கும் கப்பல்கள் எத்தனையென்று முன்கூட்டியே விசாரித்தல் நலம்.

அறைகளின் வகை

இனி, அறையைப் பார்ப்போம். கபின் எனப்படும் இவ்வறைகள் பொதுவாக நான்கு வகையின. கப்பலின் நடுவயிற்றிலே, யன்னல் எதுவுமின்றி அமைந்தது உள்ளறை. கடலை நோக்கித் திறவாத கண்ணாடி யன்னல் உடையது யன்னலறை. வெளியே இரண்டு கதிரை போடக்கூடிய சிறு முகப்பு உடையது பல்கனி அறை. இருக்கையறையும் படுக்கையறையும் தனித்தனியே அமைந்த பேரறை நான்காவது. விலையும் இந்த ஒழுங்கிலேயே ஏறும்.

சாதாரண உள்ளறையின் பரப்பு 150 முதல் 180 சதுர அடி வரை, குளியலறை உட்பட. பத்தடிக்குப் பதினாறடி என்று வீட்டு நிலத்திலே சுண்ணக்கட்டியாற் கோடிட்டு, அதனுள்ளே கட்டில், அலுமாரி, மேசை, குளியலறை யாவற்றையும் கற்பனை செய்து பார்த்தால் உண்மை விளங்கும். இவ்வறைகள் பெரும்பாலும் கரையிலுள்ள தொழிற்சாலைகளிலே முழுமையாகச் செய்யப்பட்டு, பெட்டிகளைப்போலக் கப்பலினுள்ளே தள்ளிப் பொருத்தப்படுவன. ஆதலால் ஓரங்குலமும் வீணாக்கப்படுவதில்லை. வெறுமையான பயணப் பெட்டிகள் கட்டிலின்கீழ் அடங்கும். இரண்டு தனிக்கட்டில்களை இணைத்தால் ஒரு பெருங்கட்டிலாகும். சுவர்கள் உருக்குத் தகட்டால் ஆனவையாதலின், காந்தக் கொளுக்கிகள் சிலவற்றைக் கொண்டுசென்றால் தொப்பியும் துவாயும் தொங்கவிடலாம். மின்னழுத்தியும் மின்கேத்தலும் கொண்டுசெல்ல அனுமதியில்லை. தீவிபத்தைக் கடலிலே அஞ்சுவதுபோல வேறெங்கும் அஞ்சுவதில்லை.

உள்ளறையை இழிவாக எண்ணவேண்டியதில்லை. நாள் முழுதும் வெளியே திரிந்து, உறங்குவதற்கு மாத்திரம் அறைக்கு வரும் இளையோருக்கு அது போதும். விளக்கை அணைத்தால் நள்ளிரவும் நண்பகலும் ஒன்றே, நன்கு உறங்கலாம். ஆனால் விடிந்ததா, மழை பெய்கின்றதா என்பது தெரியாது. அதனால் மனம் புழுங்குவோர் சிலர் உளர். தம் இயல்பு எதுவென்று அவரவரே அறிவர்.

வகையைத் தெரிந்தபின், இடத்தைத் தெரியவேண்டும். தராசின் நடுமுள் குறைவாக அசையும், தட்டுகளோ மிகவும் ஏறி இறங்கும். அதுபோலக் கப்பலின் முன்முனையும் பின்முனையும் அலையில் அதிகமாக ஏறியிறங்க, நடுப்பகுதி குறைவாக அசையும். உயரத்துக்கு உயரம் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். எனவே தலைச்சுற்று, வாந்திக்கு அஞ்சுவோர் கீழ்த்தட்டிலே நடுப்பகுதி அறையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். அலையைப் போலவே ஓசையும் இடத்தைப் பொறுத்தது. தடாகத் தட்டின் நேர்கீழே உள்ள அறைக்கு, விடியுமுன்னரே கதிரைகளை இழுக்கும் ஓசை கேட்கும். நாடக அரங்கின் மேலும் கீழும் உள்ள அறைகளுக்கு இரவு நெடுநேரம் வாத்திய முழக்கம். பக்கத்து அறைக்குச் செல்லும் இடைக்கதவு உள்ள அறையில் அயலாரின் பேச்சு ஒழுகி வரும். ஒரே குடும்பத்தார் இரண்டறையும் எடுத்தால் அதே கதவு பெருவசதி. சில யன்னலறைகளின் எதிரே உயிர்காப்புப் படகு தொங்கி, கடலை முற்றாக மறைத்துவிடும். அவை சற்று மலிவாகக் கிடைக்கும். கம்பனிகள் ஒவ்வொரு கப்பலுக்கும் தட்டுவாரியான வரைபடத்தை வெளியிடுகின்றன. அதிலே நமது அறையை மாத்திரம் பார்த்தல் போதாது; அதன் மேலே யாது, கீழே யாது என்று பார்த்தல் வேண்டும். மேலும் கீழும் அறைகளாகவே அமைந்த இடமே அமைதியான இடம். அறையின் எண்ணைப் பின்னர் கம்பனியே தீர்மானிக்கும் என்ற மலிவுச் சீட்டை வாங்குவோர், இத்தேர்வுரிமையையே விற்றுவிடுகின்றனர் என்பதையும் நினைவிற் கொள்க.

முதியோருக்கு எந்த அறை?

இப்போது நம் குடும்பங்களைப் பற்றிச் சற்று வெளிப்படையாகப் பேசவேண்டியுள்ளது. கட்டணம் அறைக்கு இருவர் என்ற கணக்கிலே அமைவதால், மூன்றாமவர்க்கும் நான்காமவர்க்கும் பெரும்பாலும் குறைந்த தொகையே அறவிடப்படும். தனியாக ஓரறை எடுக்கும் ஒருவரோ, ஏறக்குறைய இருவருக்குரிய தொகையைச் செலுத்த நேரும். ஆகவே செலவைச் சுருக்க விரும்பும் மகனும் மருமகளும் பல்கனி அறையைத் தாம் எடுத்துக்கொண்டு, தாத்தாவையும் பாட்டியையும் பேரப்பிள்ளைகள் இருவருடன் ஓர் உள்ளறையில் அடக்கிவிடுதல் உண்டு. கணக்கு நேர்த்தியாகத்தான் இருக்கின்றது. ஆனால், அக்கணக்கிலே சேராதவை சில உள.

எழுபது வயதானவர் இரவிலே இரண்டு மூன்று முறை எழுவார். யன்னலில்லாத இருளிலே, ஏணி வைத்து ஏறும் மேற்கட்டிலின் கீழாக, பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கு இடையே குளியலறைக் கதவைத் தேடித் தடவவேண்டும். குளியலறை வாயிலிலே உயர்ந்த படியொன்று இருத்தல் கூடும். நாடகத்துக்கும் நடனத்துக்கும் செல்லாத அவர்கள், பகலிலும் பெரும்பொழுதை அறையிலேயே கழிப்பர். கூட்டத்திலே ஆங்கிலம் பேசி இடம் கேட்டு அமரும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. எனவே, கப்பலிலுள்ள அத்தனை பேரிலும் நல்ல அறை மிகவும் தேவைப்படுவோர் அவர்களே. நாள் முழுதும் வெளியே திரியும் இளையோருக்குத்தான் உள்ளறை போதும் என்று மேலே கூறினோம். பெரும்பாலான குடும்பங்கள் இதனைத் தலைகீழாகச் செய்கின்றன.

“எங்களுக்கு எதற்குப் பிள்ளை இவ்வளவு செலவு? ஒரு மூலை போதும்” என்று பெற்றோர் கூறுவர். அவர்கள் கூறாது விட்டால்தான் வியப்பு. அச்சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்வது பிள்ளைகளின் கடமையன்று. பல்கனி அறைக்குப் பணம் போதாவிடின், பயணத்தை ஏழு நாளிலிருந்து நான்கு நாளாகக் குறைத்து, அவர்களுக்கு ஒரு யன்னலாவது உள்ள அறையை எடுத்துக் கொடுப்பது மேல். லிப்டுக்கு அண்மையாக, ஆனால் அதன் ஓசை கேளாதவாறு நாலைந்து அறைகள் தள்ளி இருத்தல் நன்று. 365 மீற்றர் நீளமுள்ள கப்பலிலே, முன்முனை அறையிலிருந்து பின்முனை உணவுச்சாலைக்குச் செல்வது முதியவர்க்கு ஒரு யாத்திரையாகும். சைவ உணவு மாத்திரம் உண்போராயின் சீட்டு வாங்கும்போதே அறிவித்து, முதல்நாள் மாலையே போசனசாலைத் தலைமைச் சிப்பந்தியிடம் நேரிற் கூறிவிடவேண்டும். மீனும் முட்டையும் கலவாதது என்று விளங்கச் சொல்லுதல் அவசியம். மரக்கறி என்ற ஒரு சொல்லை எல்லா நாட்டவரும் ஒரே பொருளிற் கொள்வதில்லை.

நோயும் ஆபத்தும்

அறை என்பது சுகத்துக்கு மாத்திரம் உரியதன்று என்பதை 2020 பெப்ரவரி உலகுக்கு உணர்த்தியது. ஜப்பானின் யொக்கோஹாமாத் துறையில் ‘டயமண்ட் பிரின்ஸஸ்’ என்ற கப்பல் கொரோனாத் தொற்றினால் தடுத்து வைக்கப்பட்டபோது அதிலிருந்தோர் 3,711 பேர். தொற்றுக்குள்ளானோர் 712 பேர். பிரயாணிகள் தத்தம் அறைகளுள்ளே நாட்கணக்காக அடைபட்டனர். யன்னலில்லாத அறைகளில் இருந்தோர் முறைவைத்துச் சிறிது நேரம் மேற்றட்டுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். பின்னர் கரையிறங்க முதலில் அனுமதிக்கப்பட்டோருள், யன்னலற்ற அறைகளிலிருந்த எண்பது வயதுக்கு மேற்பட்டோரும் அடங்குவர். அத்தகைய பேரிடர் அரிது. ஆயினும் வயிற்றோட்டமும் வாந்தியும் உண்டாக்கும் நோரோ என்ற வைரஸ், நெருங்கி வாழும் கூட்டங்களிலே எளிதிற் பரவும். கண்டவர் அறையிலேயே தங்குமாறு பணிக்கப்படுவர். அதனைத் தடுப்பதற்கு வாயிலிலே கையிற் பூசும் மதுசாரத் திரவம் போதாது. சவர்க்காரமும் நீருமே நம்பத்தக்கவை. உண்ணுமுன் கைகழுவும் நமது பழைய ஒழுக்கம் கப்பலிலே இரட்டிப்புப் பயன் தரும்.

இன்னொன்று. கப்பலேறியதும், ஆபத்துக் காலத்திலே கூடவேண்டிய இடத்தைக் காட்டும் பயிற்சி நடைபெறும். சிலர் அதனைத் தொல்லையாகக் கருதுவர். 2012 ஜனவரி 13ஆம் நாள் இத்தாலியின் ஜில்யோத் தீவருகே ‘கொஸ்டா கொன்கோர்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று ஏறியவர்களுக்கு அப்பயிற்சி நடைபெற்றிருக்கவில்லை. புறப்பட்டு 24 மணி நேரத்துக்குள் நடத்தினாற் போதுமென்று அக்கால விதி இடங் கொடுத்தது. 2015 ஜனவரி முதல், புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடனே நடத்தவேண்டுமென்று சர்வதேச விதி திருத்தப்பட்டது. பத்தாயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் உண்மையாகவே அஞ்சவேண்டிய மணி அந்த அபாய மணி ஒன்றே. அது அடித்தால் லிப்ட் ஓடாதென்று கொண்டு, அறையிலிருந்து கூடுமிடத்துக்குப் படிவழியாகச் செல்லும் பாதையைப் பெற்றோரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல்நாளே ஒருமுறை நடந்து பார்த்துவிடுதல் குடும்பத் தலைவரின் கடமை.

இறுதியாக, அறையைப் பேணும் சிப்பந்தியை மறத்தலாகாது. இந்தியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்து, மாதக்கணக்காக வீடு காணாது உழைப்போர் அவர்கள். பிரயாணியின் அறை சிறிதென்று முறையிடுவோர், அவ்வறையைத் துப்புரவு செய்பவர் கீழ்த்தட்டிலே, யன்னலின்றி, இன்னொருவருடன் பங்கிட்டுக்கொள்ளும் அறையை எண்ணிப் பார்த்தல் தகும். இரண்டாம் நாளே நமது பெயரை அறிந்து வைத்திருப்பவர் அவர். அவர் பெயரை நாமும் அறிந்துகொள்வது நாகரிகம்.

கூட்டம் வேளையைப் பொறுத்தது. வேளையறிந்து ஒதுங்கினால் அது நம்மைத் தொடாது. அறை ஆளைப் பொறுத்தது. யார் அதில் அதிக நேரம் இருப்பாரோ அவர்க்கே நல்லது சேரவேண்டும். சீட்டு வாங்குவதற்கு முதல்நாள் இரவு, கப்பலின் தட்டுப்படத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள முதியவரையும் அருகில் இருத்திப் பேசி முடிவு செய்யுங்கள். அவர் விரல் எந்த யன்னலின்மீது ஒரு கணம் தங்குகின்றது என்று கவனித்தாற் போதும். வாயினால் அவர் வேண்டாமென்றே சொல்லுவார்.